மச்சானின் சிவப்புக் காரில் அமரர் ஊர்தி எஞ்சின்

மதிப்பும் மரியாதையும், இந்தக் கடிதம் முடியும்வரை நாற்காலியை விட்டு எழாத பொறுமையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நான் ஓரளவு நலம். உங்கள் தங்கை என்னைவிட நலம். உங்கள் கார் எங்கள் இருவரையும்விட நலம். இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதை விளக்கத்தான் ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருட வெளிநாட்டு வேலை முடிந்து அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வந்து இறங்குவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் உங்கள் தங்கை துள்ளிக் குதித்தாள். நான் நாள்காட்டியில் நாட்களை எண்ணினேன். இன்று காலை அவள், "அண்ணனுக்கு நீங்களே எழுதிடுங்க. நீங்கதானே கொன்னீங்க" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் எங்கள் கொட்டகையில் விட்டுச் சென்ற கார் விட்டது விட்டபடி இருக்கிறது. அதே சிவப்பு, அதே இரண்டே இருக்கைகள், அதே நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் அதே தோரணை. எல்லா வண்டிகளையும் முன்சக்கரம் இழுக்கும், இதைப் பின்சக்கரம் தள்ளும், அதுதான் இதன் அழகு என்று நீங்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்வீர்களே, இன்றைக்கும் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. முன்னைவிட நன்றாகவே தள்ளுகிறது. எஞ்சின் மட்டும் வேறு. 'மட்டும்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.

நீங்கள் புறப்படும்போது நான்கு பக்கத்துக்குக் கைப்பட ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தீர்கள். 'இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள் மாப்பிள்ளை' என்றீர்கள். சத்தியமாக இருமுறை படித்தேன். அங்கேதான் சனி பிடித்தது. அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். எழுத்துத்தான் என் கண்ணில் படும், பொருள் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். வயிற்றுவலி மருந்தின் விளம்பரத்தையும் அரசாங்க அறிக்கையையும் அடுத்தடுத்துத் திருத்திவிட்டு, இரண்டும் எதைப் பற்றி என்று கேட்டால் விழிப்பேன். உங்கள் குறிப்பில் பதினோரு பிழைகள் இருந்தன. பதினொன்றையும் சிவப்பு மையால் திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில் 'பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணை அளவைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தீர்கள். 'எண்ணை' தவறு, 'எண்ணெய்' என்பதே சரி. திருத்திவிட்டேன். கடமை முடிந்தது என்ற திருப்தியில் அந்தத் தாளை அலமாரியில் வைத்தேன். அளவைப் பார்க்கவில்லை.

ஆனால் ஞாயிறுதோறும் காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும் என்று நீங்கள் வாயால் சொன்னது மனத்தில் நின்றது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. குளித்து, தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு ஓடவிடுவேன். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரே இருக்கும் வட்டங்களுக்கு நடுவில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மூக்கு நீண்ட கூஜாவின் படம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது. கூஜாவில் தண்ணீர்தானே இருக்கும்? வண்டிக்குத் தாகம் என்று புரிந்துகொண்டு, முன்மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றும் வாயில் ஒரு சொம்பு ஊற்றினேன். விளக்கு அணையவில்லை. அடுத்த வாரம் இரண்டு சொம்பு. ஐந்து மாதம் இப்படி ஊற்றினேன் மச்சான். தாயில்லாப் பிள்ளைக்குப் புகட்டுவதுபோல ஊற்றினேன். ஆறாம் மாதம் முதல் ஞாயிறு, எஞ்சின் ஒரு மாதிரி பாட ஆரம்பித்தது. பந்தயக் கார் என்றால் அப்படித்தான் பாடும்போல என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். அப்புறம் கொட்டகையில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

அன்றே உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் வழக்கம்போலக் குளித்து, தலைவாரி, காரில் போய் உட்கார்ந்தேன். கொட்டகைக்கு நேரே சமையலறைச் சன்னல். அவள் காதில் விழ வேண்டுமே என்று நானே வாயால் 'புர்ர்ர்ர்' என்று பத்து நிமிடம் ஓட்டினேன். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கும் அந்த நாட்களில் கடிதம் போட்டேன். 'கார் முன்னைவிட அமைதியாக இருக்கிறது' என்று எழுதினேன், 'பெட்ரோல் அறவே குடிப்பதில்லை' என்று எழுதினேன். இரண்டும் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஞாயிறு சன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, வண்டிக்கு ஜலதோஷமா?"

"இல்லையே, நல்லாத்தானே ஓடுது."

"நீங்க பேசும்போது ஏன் வண்டி நிக்குது?"

அவள் வந்தாள். உங்கள் தங்கை லிஃப்ட் பழுதுபார்க்கிறவள் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பதினான்காம் மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் அலறினாலும் இவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அன்றும் விழவில்லை. முன்மூடியைத் தூக்கினாள், ஒரு நீளக் கம்பியை உருவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல தலைக்குத் தேய்க்கக்கூட எண்ணெய் இல்லையே. அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் படிச்சீங்களா இல்லையா?"

"ரெண்டு தடவை படிச்சேன். பதினோரு பிழை."

அவள் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டுக் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணன் என்னை இதோட சக்கரத்தைக் கழுவத்தான் விட்டான், தெரியுமா? உள்ள உக்கார விட்டதே இல்ல" என்றாள். அவ்வளவுதான். நான் உங்களைக் குறை சொல்லவில்லை மச்சான், நடந்ததை எழுதுகிறேன்.

மறுநாள் மெக்கானிக் வந்தான். ஊரில் அவனுக்குப் பெயர் அரைநிமிஷம். எதைக் கேட்டாலும் 'அரை நிமிஷம் சார்' என்பான், ஏழு வாரம் ஆகும். எஞ்சின்மேல் திருப்புளியை வைத்து, அதன் பிடியில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டான்.

"எஞ்சின் போயிடுச்சு சார்."

"எங்கே போச்சு?"

"எங்கயும் போகாது சார் இனிமே. அதான் பிரச்சனை."

அதே எஞ்சின் வேறு கிடைக்குமா என்று கேட்டேன். அதைச் செய்த தொழிற்சாலையில் இப்போது பிஸ்கட் செய்கிறார்களாம். உங்கள் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. 'பெற்ற பிள்ளையை ஒப்படைக்கிறேன் மாப்பிள்ளை' என்று சொல்லிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினீர்களே, அந்த முகம். அப்போதுதான் உங்கள் தங்கை வாயைத் திறந்தாள். "வேற வண்டியோட எஞ்சினை இதுல வைக்க முடியுமா?" அரைநிமிஷம் தலையைச் சொறிந்தான். எஞ்சின் நீளவாக்கில் உட்காரும் வண்டியாக இருக்க வேண்டும், அதுவும் பின்சக்கரம் தள்ளும் வண்டியாக இருக்க வேண்டும், அப்படி ஒன்று கைவசம் இருக்கிறது, ஆனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்றான்.

"ரொம்ப நல்ல வண்டிக்கா. ஒரே ஓட்டுநர். நாப்பதுக்கு மேல போனதே இல்ல. திடீர் பிரேக் போட்டதே இல்ல."

"என்ன வண்டி?"

"பயணிகள் வண்டிதான்."

"எத்தனை பேர் போற வண்டி?"

"போறது ஒருத்தர்தான்க்கா. திரும்பி வர்றதுதான் யாரும் இல்ல."

ஆமாம் மச்சான். அமரர் ஊர்தி. நாற்காலியை விட்டு எழவேண்டாம் என்று முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டேன்.

போய்ப் பார்த்தோம். கறுப்பாக, நீளமாக, பின்பக்கம் முழுக்கத் துருப்பிடித்து ஒரு பட்டறை முற்றத்தில் நின்றது. அதன் ஓட்டுநர் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கைகட்டி நின்றார். இருபது வருடம் அதே வண்டியை ஓட்டியவர், மிகவும் மெதுவாகப் பேசினார். "மெதுவாப் போன்னு ஒருத்தரும் சொன்னதில்லம்மா. சீக்கிரம் போன்னும் சொன்னதில்ல. குறைன்னு ஒண்ணு வந்ததே கிடையாது." மூடியைத் திறந்து காட்டினார். துடைத்து வைத்த பாத்திரம்போல ஓர் எஞ்சின். உங்கள் வண்டியில் இருந்தது நாலு சிலிண்டர், இது ஆறு. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "பாவம், இவ்வளவு சக்தியை உள்ள வெச்சுக்கிட்டு இருபது வருஷமா நடந்தே போயிருக்கு. ஒருநாளாவது ஓட விடுங்கம்மா."

எனக்கு மனசு ஒப்பவில்லை. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நல்ல நாளும் அதுவுமாக மனிதர்கள் உட்கார்ந்து போகிற வண்டியில், போயும் போயும் இந்த எஞ்சினா என்றேன். உங்கள் தங்கை நின்று திரும்பிப் பார்த்தாள். "நல்லா ஓடிட்டிருந்த எஞ்சினையே கொன்னவர் நீங்க. சாவைப் பார்த்துப் பழகின எஞ்சின்தான் உங்ககிட்ட தாக்குப்பிடிக்கும்."

வேலை ஆரம்பித்தது. அவள் லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும், பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கொட்டகை உத்தரத்தில் மாட்டி, பழைய எஞ்சினை வெளியே தூக்கினோம். தூக்கியதும் காரின் மூக்கு நிம்மதியாக மேலே எழும்பியது, செருப்பைக் கழற்றியவன் காலைப்போல. புதிய எஞ்சினைக் கியர்பெட்டியோடு சேர்த்து இறக்கினோம். உட்காரவில்லை. அடியில் இருக்கும் எண்ணெய்த்தொட்டி, ஸ்டியரிங் தண்டில் இடித்தது. தொட்டியை வெட்டி, வளைத்து, திரும்ப ஒட்டினார்கள். மறுபடியும் இறக்கினோம். உட்கார்ந்தது. ஆனால் எஞ்சின் நீளம் என்பதால் கியர்பெட்டி ஒரு முழம் பின்னால் தள்ளிப்போய், அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் உருளைத் தண்டு நீளமாகிவிட்டது. அதையும் கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டினோம். கியர்க்கம்பி எழும்பிய இடம்தான் வேடிக்கை. அது பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரின் முழங்காலுக்குச் சொந்தமான இடம். முதல் கியர் போடலாம், மூன்றாவது போடலாம். இரண்டாவது போட வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் முழங்காலைத் தூக்க வேண்டும். அரைநிமிஷம் இதைக் குறையாகவே நினைக்கவில்லை. "குடும்பமாப் போற வண்டிதானே சார்" என்றான்.

முன்மூடி மூடவில்லை. நான்கு விரற்கடை தூக்கி நின்றது. நடுவில் ஒரு பெரிய ஓட்டை வெட்டி, மேலே குமிழ்போல ஏதாவது கவிழ்த்தால் சரியாகிவிடும் என்றான். உங்கள் தங்கை உள்ளே போனாள். எங்கள் கல்யாணத்துக்கு, 'நாற்பது பேருக்குச் சமைக்கலாம்' என்று சொல்லி நீங்கள் பரிசளித்த அலுமினியப் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் நாற்பது பேர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. ஆகவே காரும் உங்களுடையது, பாத்திரமும் உங்களுடையது, வெளியாள் பொருள் என்று ஒன்றும் சேர்க்கவில்லை. சிவப்புச் சாயம் அடித்தபிறகு பாத்திரம் என்றே தெரியாது. கைப்பிடிகளை மட்டும் எடுக்க முடியவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. வயர்கள் நூற்று நாற்பத்து மூன்று. எது எங்கே போகிறது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு கட்டும் வேலை எனக்கு. அரைநிமிஷம் 'விளக்கு கம்பி' என்று எழுதியிருந்தான். 'விளக்குக் கம்பி' என்று திருத்தினேன்.

"க் போட்டாத்தான் விளக்கு எரியுமா சார்?"

"போடலைன்னா எனக்கு எரியும்."

எல்லாவற்றையும் இணைத்து, எண்ணெய் ஊற்றி, நான் மூன்று முறை அளவுகோல் கம்பியை உருவிப் பார்த்தபின், உங்கள் தங்கை சாவியைத் திருப்பினாள். விளக்கெல்லாம் எரிந்தது. எஞ்சின் கிளம்பவில்லை. பெட்ரோல் வருகிறது, மின்சாரம் வருகிறது, காற்று வருகிறது, ஆனால் மௌன விரதம். அரைநிமிஷம் நான்கு நாள் மல்லாந்து படுத்தும் குப்புறப் படுத்தும் பார்த்தான். நான்காம் நாள், "அது பழகின வேகத்துல யோசிக்குதோ என்னவோ சார்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் வந்தது, பதினைந்தாம் தேதி வருகிறேன் என்று. கொட்டகையில் ஒரு காரின் உடம்பும், இரண்டு வண்டிகளின் உள்ளுறுப்பும், வெட்டிய பாத்திரமும் கிடக்கின்றன, இதை எப்படி நலம் என்று எழுதுவது?

மறுநாள் உங்கள் தங்கை, ஆறாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மதியம் வந்தாள். கதவுப் பள்ளத்தில் ஒரு பாட்டில் மூடி சிக்கியிருந்ததாம். கதவு முழுதாக மூடவில்லை என்றால் லிஃப்ட் நகராது, எந்த லிஃப்டும் நகராது என்று சொல்லிக்கொண்டே நின்றபடி சாப்பிட்டவள், பாதி மென்ற வாயோடு அப்படியே நின்றாள்.

"கதவு!"

"வாசக் கதவா? சாத்திட்டேனே."

"ஐயோ, அந்த வண்டிக் கதவுங்க!"

கை கழுவாமல் அமரர் ஊர்தி ஓட்டுநருக்குப் போன் போட்டாள். "அண்ணே, பின்கதவு திறந்திருந்தா உங்க வண்டி கிளம்புமா?" அவர் பதறிப்போனார். "எப்படிம்மா கிளம்பும்? ஒருதடவை மேட்டுல ஏறும்போது திறந்துக்கிச்சு. அந்தக் குடும்பத்தோட முகத்துல நான் இன்னைக்குவரைக்கும் முழிக்கறதில்ல. அதுக்கப்புறம்தான் கதவு சாத்தினாத்தான் கிளம்பும்னு ஒரு ஏற்பாடு பண்ணோம்." நான்கு நாளாக அந்த எஞ்சின், இல்லாத கதவை யாராவது சாத்துவார்கள் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது, மச்சான்! கொட்டகைக்கு ஓடினோம். நூற்று நாற்பத்து மூன்று சீட்டுகளில் 'பின்கதவுக் கம்பி' என்ற சீட்டை ஒரே பார்வையில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். அவள் இரண்டு முனைகளை முறுக்கி ஒட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்கு வராது. இருபது வருடம் அடக்கி வைத்த தும்மல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. அரைநிமிஷம் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். உங்கள் தங்கை சிரித்தாள். நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மூவரும் தூசி மூடிய பொம்மைகள் மாதிரி நின்று சிரித்தோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் ஓட்டம், ஓட்டியது அவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி உதட்டைக் கடித்துப் பார்த்ததில்லை. முதல் கியரில் தெருமுனைவரை மரியாதையாகப் போனோம். பெரிய சாலையில் திரும்பியதும் "ரெண்டு!" என்று கத்தினாள். முழங்காலைத் தூக்கினேன். முதுகில் யாரோ எட்டி உதைத்தார்கள். என் மூக்குக்கண்ணாடி எங்கே போயிற்று என்று பார்ப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு பெட்ரோல் பங்கும் பின்னால் போய்விட்டன. முன்னே பாத்திரம் நடுங்கியது, கைப்பிடிகள் காற்றில் விசில் அடித்தன, வளைவில் பின்பக்கம் கொஞ்சம் வெளியே போய் எங்களை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தது, நான் 'ஐயோ ஐயோ' என்று கத்த நினைத்து 'இன்னும் இன்னும்' என்று கத்தியிருக்கிறேன். முப்பது வருடத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் பிழை அது. திருத்தவில்லை.

ஆனால் எஞ்சின் மாற்றிய வண்டியை ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் சாலையில் ஓட்டலாம், இல்லையென்றால் நிரந்தரமாகக் கொட்டகைதான் என்று அரைநிமிஷம் அதற்குப் பிறகுதான் சொன்னான். அன்று ஓட்டியது குற்றமா என்று என்னைக் கேட்காதீர்கள். வாகன ஆய்வாளர் அலுவலகத்துக்கு, வண்டியை ஒரு லாரியின் முதுகில் ஏற்றி எடுத்துப் போனோம். அந்த ஆய்வாளர் சிரித்தே இருக்க மாட்டார் என்று தோன்றும் முகம். கணினியில் எஞ்சின் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பாத்திரத்தின் கைப்பிடிகளை வெகுநேரம் பார்த்தார்.

"படுத்த நிலையில் பயணிப்போர் எத்தனை பேர்?"

"என்னது சார்?"

"படிவத்துல கேக்குது. இது அமரர் ஊர்தின்னு பதிவாயிருக்கு. எண்ணிக்கை போடாம அடுத்த பக்கம் போகாது."

"இல்லைன்னு போடுங்க சார்," என்றாள் உங்கள் தங்கை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எட்டிப் பார்த்து, "சார், 'பயனிப்போர்'னு இருக்கு, மூணு சுழி ண வரணும்" என்றேன். விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டார். "அப்ப நீங்களே நிரப்பிக்குங்க. இந்த மாதிரி ஒட்டுவேலைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது." உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஏழு வாரம் உழைத்த கை அவளுக்கு, விரல் நுனியெல்லாம் கறுப்பு. அவரிடம் கெஞ்சவில்லை. "சார், ஓட்டிப் பார்க்காம வேண்டாம்னு சொல்லாதீங்க. பின்னாடி மைதானத்துல ஒரே ஒரு சுத்து. பிடிக்கலைன்னா விண்ணப்பத்தை நானே கிழிச்சுப் போட்டுடறேன்" என்றாள். இன்னொருவருக்கு இடமில்லை என்பதால் நான் மரத்தடியில் நின்றேன். அவர் விண்ணப்பக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். கதவைச் சாத்தினார். மைதானத்தின் முதல் வளைவுவரை ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவள் குரல் மட்டும் கேட்டது. "சார், முழங்கால்! ரெண்டு!"

திரும்பி வந்தபோது அவர் தலைமுடி நின்றுகொண்டிருந்தது. கோப்பிலிருந்த தாள்கள் மைதானம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. இறங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, "பிரேக்கை இன்னொருதடவை சோதிக்கணும்" என்றார். இன்னொரு சுற்று. "இடது பக்க வளைவு திருப்தியா இல்ல, மறுபடி பார்க்கணும்." இன்னொரு சுற்று. நான்காம் சுற்றில் அவர் குரல் வெளியே கேட்டது. அவரே 'ரெண்டு!' என்று கத்திக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது முகம் பழையபடி ஆகிவிட்டது. குறிப்பு என்ற இடத்தில் 'பயணிகளுக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறார். மூன்று சுழி.

இதுதான் மச்சான் நடந்தது. உங்கள் எஞ்சினைக் கொன்றது நான், என் கண்ணும் என் சிவப்பு மையும். உங்கள் தங்கைமேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். கொடுத்ததை அப்படியே திருப்பித் தர முடியவில்லை, அதைவிட நல்லதாகத் தருகிறோம் என்பது மட்டும்தான் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல். ஒப்புதல் கிடைத்த நாளிலேயே காரைத் துடைத்து, உறைபோட்டுக் கொட்டகையில் பூட்டிவிட்டோம். நீங்கள் வந்து உறையை எடுக்கும்வரை எங்கள் இருவரில் யாரும் அதைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறோம். அவள் எடுக்கும்போது முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் எடுத்தாள். நம்பிக்கைக்கு அடையாளமாகக் காரின் ஒரே சாவியை இந்த உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். வெளிநாட்டுக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் கொடுங்கள். பெரியவரான உங்கள் மன்னிப்பு எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

என்றும் தலைகுனிந்த,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: சாவி இத்துடன் இல்லை. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நீங்களே போன் செய்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "மாப்பிள்ளை, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த எஞ்சின் நான் கிளம்பும்போதே இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. குடம் குடமா எண்ணெயைக் குடிக்கும். என் கையில சாக வேண்டாம்னுதான் உங்க கையில கொடுத்தேன். இந்நேரம் போயிருக்கும், உங்களுக்கு அதைச் சொல்ல வாய் வரலைன்னும் தெரியும். இடுப்புவலியில என்னால இனிமே அதுல குனிஞ்சு ஏறவும் முடியாது. பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றீர்கள். பிள்ளையைப் பெற்றவர் பேசுகிற பேச்சா அது? மூன்று வருடப் பாரம் இறங்கி நான் நாற்காலியில் சாய்ந்தேன். அதற்குள் உங்கள் தங்கை போனைப் பிடுங்கி, "சரிண்ணா, மனசைக் கல்லாக்கிக்கிட்டு இன்னைக்கே போட்டுடறோம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாளே, அந்தத் துக்கம் நடிப்பு. போனை வைத்த கையோடு உறையைக் கிழித்துச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தக் கடிதத்தை அனுப்ப இனிமேல் ஓர் அவசியமும் இல்லை. ஆனால் இத்தனை பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை, கிழித்துப் போட மனம் வரவில்லை, அனுப்புகிறேன். பதினைந்தாம் தேதி உங்களை வரவேற்க விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும் காரில் வருகிறோம். காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். ஆகவே, நீங்கள் ஒரு டாக்சி பிடித்து எங்கள் பின்னாலேயே வந்துவிடவும்.